சல்லடையில் இருந்தது

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. எங்கள் பந்தல் வாடகைக் கடையில் இருக்கும் இரும்பு எல்லாம் இன்றைக்குள் மினுங்க வேண்டும் என்று அக்கா காலையிலேயே சொல்லிவிட்டாள். பந்தல் கம்பிகள் நூற்றுப் பதினாறு. அண்டா ஒன்பது. கரண்டிகளை எண்ணுகிற பழக்கம் இல்லை, அவை எப்படியும் ஒவ்வொரு கல்யாணத்திலும் குறையும்.

என் பங்கு வண்டி. அத்தான் வாங்கிய பிக்கப். பதினெட்டு வயது. அத்தான் இறந்தபின் இது நான்காவது பூஜை. டிரைவர் திரவியம் அண்ணன் லீவு, தூத்துக்குடியில் மகள் வீட்டில். "பதினோரு வருசமா அவரத் தவிர ஒருத்தரும் இந்த வண்டியக் கழுவுனதில்ல" என்றாள் அக்கா. பெருமையா, எச்சரிக்கையா தெரியவில்லை.

வெளியே கழுவி முடித்தபோது பன்னிரண்டு மணி. உள்ளேயும் கழுவலாம் என்று தோன்றியது. போனில் ஒரு வீடியோ இருந்தது. பழைய ஆயிலோடு இரண்டு லிட்டர் டீசல் ஊற்ற வேண்டும். கால்மணி நேரம் இஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புது ஆயில். அப்படியே செய்தேன். வடிந்தது கருங்கஞ்சிபோல் இருந்தது. பதினெட்டு வருட அழுக்கு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயலைப் பாதியில் வைத்துவிட்டு ஊருக்கு வந்தபின் நான் முழுதாக முடித்த முதல் வேலை.

அக்காவிடம், ஆயில் மாற்றிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"நீயா?" என்று சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிறது.

அக்டோபர் 1, புதன்

பூஜை. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். லோடு ஏற்றுகிற செம்புலிங்கம் பூசணிக்காயை உடைத்தான், பாதி என் வேட்டியில். "படிச்ச வேட்டிக்குக் கொஞ்சம் கலர் வேண்டாமா தம்பி" என்றான். பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள் அக்கா. இருநூற்று நாற்பது நாற்காலிகள். முதுகு வலிக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

திரவியம் அண்ணன் வந்துவிட்டார். ஞானதிரவியம் என்பது முழுப்பெயர். முன்மூடியைத் திறந்து, ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார்.

"யாரு தம்பி ஆயில் மாத்துனது?"

"நான்தாண்ணே."

கம்பியை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். தும்மப் போகிறார் என்று நினைத்தேன். தும்மவில்லை. "நல்லது" என்று சொல்லிக் கம்பியைத் திரும்பச் செருகினார்.

அக்டோபர் 4, சனி

ஒரு துஷ்டி வீட்டுக்குப் பந்தல். நானும் வண்டியில் போனேன். ஆறு கிலோமீட்டர் தாண்டியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு துடித்தது. எண்ணெய்க் கிண்டிபோல் வடிவம். நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. திரவியம் அண்ணன் அந்த இடத்திலேயே ஓரம்கட்டி இஞ்சினை நிறுத்தினார்.

"மெதுவா போயிருவமே அண்ணே. அங்க காத்துட்டு இருப்பாங்க."

"இது எரிஞ்சா நான் ஓட்டமாட்டேன் தம்பி. பிரஷர் இல்லன்னு அர்த்தம். ஆயில் இருக்கும், மேல ஏறாது. ஏறலன்னா உள்ள இரும்பும் இரும்பும் ஒரசும்."

இருபது நிமிடம் ஆறவிட்டார். பிறகு மூன்று கிலோமீட்டர். மறுபடி இருபது நிமிடம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிணம் வெயிலில் இருந்தது. ஒரு மருமகள் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். இறந்தவரின் மகன் எங்களை ஒன்றும் சொல்லவில்லை, போனில் அக்காவை ஏசிவிட்டான்.

அக்டோபர் 5, ஞாயிறு

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். பிரிக்கவில்லை. நான் எழுதுவதற்காக லீவில் வந்திருப்பதாக அக்கா எல்லோரிடமும் சொல்கிறாள்.

அக்டோபர் 6, திங்கள்

தென்காசி ரோட்டில் பீர் பாயின் ஒர்க்‌ஷாப். தகரக் கூரை. உள்ளே நின்றால் உச்சி வேகிறது. பீர் முகமது பாய் அத்தானின் சிநேகிதர். முதலில் அளவைப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு விளக்குக்குச் செய்தி அனுப்பும் சுவிட்சை மாற்றினார். "பாதி வண்டிக்கு இதுதான் நோக்காடு. சுவிட்சு பொய் சொல்லும்."

விளக்கு எரிந்தது.

"ஆயில் எப்ப மாத்துனது?"

"பூஜைக்கு முந்தின நாள். நான்தான்."

"ஃபில்டர்?"

"மாத்தல."

"ஃபில்டர மாத்தாம ஆயில் மாத்துறது, குளிச்சிட்டு அதே சட்டையப் போடுத மாதிரில்லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். சிரித்ததில் ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. ஒரு தப்பை ஒப்புக்கொண்டாயிற்று.

ஃபில்டர் மாற்றினார். விளக்கு எரிந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஒரு முள் மீட்டரைத் திருகினார் பாய். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முள் மூன்றரைக் கிலோவில் நின்றது. சூடு ஏற ஏற இறங்கியது. மூன்று. இரண்டு. அரை மணி நேரம் கழித்து, சும்மா ஓடும்போது, அரைக் கிலோவுக்கும் கீழே. பட்டறைப் பையனோடு சேர்த்து நாங்கள் நான்கு பேரும் அந்த முள்ளைச் சுற்றி நின்றோம். ஆஸ்பத்திரியில் அத்தானைச் சுற்றி நின்றதும் இப்படித்தான்.

"விளக்கு பொய் சொல்லல. நெசமாவே பிரஷர் இல்ல."

ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்தார். "டீசல் வாடை அடிக்கே. எங்கியோ ஒழுகி ஆயிலோட கலக்குது. அதான் தண்ணியா இருக்கு. டீசலத் தள்ளுத ஃபீடு பம்பாத்தான் இருக்கணும்." என் பக்கம் திரும்பினார். "நீங்க வேற எதும் பண்ணலையே தம்பி?"

"இல்ல பாய்."

டீ வந்தது. திரவியம் அண்ணன் தன் டம்ளரை எனக்குத் தந்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தார். இதை ஏன் எழுதுகிறேன் தெரியவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

திருநெல்வேலியிலிருந்து புது ஃபீடு பம்ப். மறுபடி புது ஆயில். நாள் முழுவதும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து விளக்குப் பிடித்தார் திரவியம் அண்ணன். கழற்றிய பழைய பம்பைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் ஒழுக்கு இல்லை.

"நல்ல பம்ப மாத்திட்டமே வே" என்றார் பாய்.

ஓட்டிப் பார்த்தோம். பன்னிரண்டு கிலோமீட்டர் விளக்கு இல்லை. பதின்மூன்றாவதில் வந்தது.

அக்டோபர் 11, சனி

அக்காவிடம் பீர் பாய் போனில் பேசியது: டீசல் வாடை போய்விட்டது, பிரஷர் வரவில்லை. இனி இரண்டே வழி. ஆயிலை மேலே ஏற்றும் பம்ப் சம்பந்தப்பட்ட ஏதாவது, இல்லையென்றால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்க வேண்டும். எதுவானாலும் ஆயில் தேங்கும் அடிச் சேம்பரை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு இஞ்சினைத் தூக்க வேண்டும், நாலைந்து நாள் ஆகும். பேரிங் எதனால் தேயும் என்று அக்கா கேட்டிருக்கிறாள். ஆயில் இல்லாமல் ஓட்டினால் தேயும் என்று அவர் சொல்லியிருக்கிறார். பொதுவாகத்தான் சொல்லியிருப்பார்.

கடை வாசலில் ஆட்கள் கம்பி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர். அக்கா வெளியே வந்து திரவியம் அண்ணன் முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி. போன மாசம் ஆரியங்காவு லோடுக்குப் போனீயள்லா. மலையேறும்போது ஆயில் பாத்தீயளா?"

"பாத்தேம்மா."

"ஆயில் இல்லாம ஓட்டுனீயளா?"

"இல்லம்மா."

"பொறவு எப்படி? எந்தம்பி புது ஆயில் ஊத்திக் குடுத்து நாலு நாள்ல லைட்டு எரியுதுன்னா, ஏற்கெனவே உள்ள போயிருக்குன்னுதான அர்த்தம்? அவுக இருந்தா இப்படி ஓட்டியிருப்பீயளா?"

அவுக என்றது அத்தானை.

செம்புலிங்கம் கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தான், சத்தம் வராமல். திரவியம் அண்ணன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாமேல் வைத்தார். போய்விட்டார்.

நான் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன். முப்பது முழம். முடிந்ததும் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 13, திங்கள்

அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். நாலு லட்சம் பேர் விரும்பியிருக்கிறார்கள். கீழே கருத்துகளை வாசித்துக்கொண்டே போனேன். நன்றி ப்ரோ. சூப்பர் ப்ரோ. வெகு கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "பழைய இஞ்சினில் செய்யாதீர்கள். வருடக்கணக்கில் படிந்த கசடு பெயர்ந்து போய் ஆயில் இழுக்கும் சல்லடையை அடைத்துவிடும்." இரண்டு வருடத்துக்கு முன் எழுதியது. அதை ஒருவரும் விரும்பியிருக்கவில்லை.

இது இந்த வண்டிக்குப் பொருந்தும் என்று கட்டாயமில்லை. பாய் சொன்னதுபோல் பேரிங்காகவும் இருக்கலாம்.

அடிக்குறிப்பு வரை வாசிக்கிறவன் என்று என் வழிகாட்டி என்னைப் பற்றி ஒருமுறை சொன்னார்.

அக்டோபர் 16, வியாழன்

ஒரு சடங்கு வீடு. ஏற்கெனவே ஒப்புக்கொண்டது. வேறு வண்டி கிடைக்கவில்லை. நான் ஓட்டினேன். ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது, அவ்வளவுதான். இருக்கை நடுவில் குழிந்து, திரவியம் அண்ணன் உடம்புக்குத் தோதாக இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் கிளட்ச் எட்டவில்லை. நுனியில் உட்கார்ந்து ஓட்டினேன்.

ஏழாவது கிலோமீட்டரில் விளக்கு. நிறுத்தியிருக்கலாம். அக்கா போனில். "எங்கல இருக்க? சமையக்காரன் அண்டா இல்லாம கைய மடக்கிட்டு நிக்கான்." நிறுத்தவில்லை. கடைசி மூன்று கிலோமீட்டரில் அடியிலிருந்து ஒரு சத்தம். டக், டக். யாரோ உள்ளிருந்து தட்டுவதுபோல் என்று எழுதத் தோன்றுகிறது. வேண்டாம். உலோகச் சத்தம்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

காலையில் பீர் பாய் ஆட்களை வைத்து வண்டியைக் கட்டி இழுத்துப் போனார். சத்தத்தைக் கேட்டபின் ஓட்ட விடவில்லை. இருபத்துநாலாம் தேதி ஐப்பசியின் முதல் முகூர்த்தம், எங்களுக்கு ஒரு பெரிய கல்யாணம். அதற்குள் வண்டி வேண்டும். டிரைவர் யார் என்று அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 18, சனி

சேம்பர் இறங்கியது. குனிந்து பார்த்தேன். அடித்தட்டில் நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்புக் களிம்பு. அதற்கு மேலே, ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில், உள்ளங்கை அளவு சல்லடை. கண்ணே தெரியவில்லை. பழம்புளியை அப்பி வைத்ததுபோல் இருந்தது.

பீர் பாய் ஒரு குச்சியால் சுரண்டினார். ஒரு கண் திறந்தது. இன்னொன்று.

"இது தானா வந்து அடைக்காது. ஓரமா படிஞ்சு கெடக்கும், அதுபாட்டுக்குக் கெடக்கும். யாரோ டீசல் ஊத்தி அலசியிருக்காங்க. அப்பத்தான் இம்புட்டும் பேந்து வரும்." குச்சியைத் துடைத்தார். "திரவியத்துக்கு இந்தப் புத்தி வராது."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் ஒரு நல்ல பம்ப மாத்துனேன் தம்பி. உங்க மொகத்தப் பாத்துக் கேட்டேன்."

"தெரியும் பாய்."

பேரிங்கைக் கழற்றிக் காட்டினார். எல்லாம் நன்றாக இருந்தன. ஒரு ஜோடியில் மட்டும் கீறல், பளபளப்பாக. "பழைய கீறல்னா கறுத்திருக்கும். இது இந்த வாரத்துக் கீறல்." யார் ஓட்டியது என்று அவர் கேட்கவில்லை. "அக்காட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லவா?"

"நான் சொல்லுதேன்."

சொன்னேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஏல, அன்னிக்கு நான் அவரக் கேக்கும்போது நீ அங்ஙனதான நின்ன?"

"ஆமா."

"கயித்தச் சுத்திக்கிட்டு."

"ஆமா."

இன்னும் நாலு வெங்காயம் உரித்துவிட்டுச் சொன்னாள். "நாளைக்குப் போய் அவரக் கூப்பிடு. இஞ்சின் பழசு, அழுக்கு அடச்சிருக்குன்னு சொல்லு. அது பொய்யில்லல்லா. நீ பண்ணுனேன்னு சொல்ல வேண்டாம். பொறவு கடையில ஒருத்தன் உன்ன மதிக்கமாட்டான்." கத்தியை வைத்தாள். "என்னையுந்தான்."

அக்டோபர் 19, ஞாயிறு

திரவியம் அண்ணன் ஊருக்குப் பஸ்ஸில் நாற்பது நிமிடம். கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்திருந்தார், வெள்ளைச் சட்டை. அவர் மனைவி ஒரு நாற்காலி போட்டார். எங்கள் கடை நாற்காலிதான், முதுகில் கடைப் பெயர். உடைந்த காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தது.

"இஞ்சின் பழசுல்லாண்ணே. அழுக்கு சேந்து அடச்சிருக்கு. பாய் சரி பண்ணிட்டாரு. அக்கா உங்கள வரச் சொன்னா."

"எதுல அடச்சிருந்துச்சு?"

"சல்லடையில."

"சல்லடையில என்ன இருந்துச்சு தம்பி?"

அவர் மனைவி காப்பியோடு வந்து, அங்கேயே நின்றார்.

"நான் டீசல் ஊத்தி அலசினேன்" என்றேன். "பூஜைக்கு முந்தின நாள். ரெண்டு லிட்டர்."

தலையை ஆட்டினார். "அன்னிக்குக் கம்பிய உருவும்போதே வாடை அடிச்சுது."

"பொறவு ஏண்ணே சொல்லல? அக்கா கேக்கும்போது?"

"யம்மா கேட்டது, ஆயில் இல்லாம ஓட்டுனியான்னு. இல்லன்னேன். பதினோரு வருசத்துக்கு அந்த ஒரு வார்த்த போதும்னு நெனச்சேன்." காப்பியை ஆற்றினார். "பொறவு, நீங்க பக்கத்துலதான நின்னீக. இப்பச் சொல்லுவீக, இப்பச் சொல்லுவீகன்னு பாத்தேன். நீங்க கயித்தச் சுத்துனீக."

கோழி ஒன்று உள்ளே வந்து வெளியே போனது.

"பாய்ட்டயாச்சும் சொல்லிருக்கலாமே. ஃபீடு பம்பு மாத்தியிருக்க வேண்டாம்."

"படிச்ச புள்ளையக் காட்டிக் குடுத்துட்டு நான் சாவிய வச்சிக்கிடணுமாக்கும்?" முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. உடனே இறங்கியது. "ஸ்கூல் வேன் ஒண்ணுக்குக் கேட்டிருக்காங்க. நவம்பர்ல சொல்லுதேன்னிருக்கேன்."

"வந்துருங்கண்ணே. வெள்ளிக்கிழம கல்யாண லோடு."

"வாரேன். ஆனா யம்மா என்னக் கேட்டது ஆறு பேருக்கு முன்னால. நீங்க இங்க வந்து என் வீட்டுக்குள்ள சொன்னா, அந்த ஆறு பேருக்கு நான் இன்னும் ஆயில் இல்லாம ஓட்டுனவந்தான். அங்க சொல்லுங்க. சொன்னது என் காதுக்கு வரும். வந்தா வாரேன்."

அவர் மனைவி பஸ் நிறுத்தம் வரை வந்தார். ஏறும்போது, "படியில பாத்து" என்றார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்குப் போன ஆட்களில் மூன்று பேர்தான் திரும்பியிருக்கிறார்கள். ஆறு பேரும் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும். இது ஒரு காரணம். நல்ல காரணம்.

வண்டி வந்துவிட்டது. சூட்டில், சும்மா ஓடும்போது, முள் இரண்டில் நிற்பதைப் பீர் பாய் காட்டினார். விளக்கு எரியவில்லை.

அக்டோபர் 22, புதன்

ஆறு பேர். கம்பிகளை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வாசலில் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தாள். பேச நான் நினைத்துவைத்திருந்த முதல் வாக்கியம் நீளமாக இருந்தது. அது வரவில்லை.

"வண்டியக் கெடுத்தது நான்" என்றேன். "திரவியண்ணன் இல்ல. பூஜைக்கு நான் இஞ்சினுக்குள்ள டீசல் ஊத்திக் கழுவினேன். அதுல அடச்சிட்டு. பாய் கேட்டப்ப இல்லன்னு சொன்னேன். அக்கா அவரக் கேட்டப்ப சும்மா நின்னேன்."

ஒரு கம்பி உருண்டு சுவரில் முட்டி நின்றது. பிறகு செம்புலிங்கம் சொன்னான்: "இஞ்சினுக்கும் எண்ணெக் குளியல் போட்டீயளாக்கும்." இரண்டு பேர் சிரித்தார்கள். வயதில் மூத்த ஒருவர் சிரிக்கவில்லை. காறித் துப்பிவிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு போனார். துப்பியது எனக்கா, வெற்றிலைக்கா என்று நான் யோசிக்கப் போவதில்லை.

அக்கா விட்ட எண்ணிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். நூற்று அறுபத்தொன்று, நூற்று அறுபத்திரண்டு. கொஞ்ச நேரத்தில் நிறுத்தினாள். எண்ணிக்கை தப்பிவிட்டது.

"நானும் எல்லாரும் இருக்கப்பத்தான் கேட்டேன்" என்றாள், ஆட்களைப் பார்த்து. "எந்தப்புந்தான்." பிறகு என்னிடம், மெதுவாக: "வேற எதும் இருக்கால?"

"இருக்கு. வீட்டுல வச்சுச் சொல்லுதேன்."

சாயங்காலம் கடிதத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். ஆய்வுப் பதிவு ரத்தாகி ஏழு மாதம். வாசித்தாள். மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். "சாப்பிடு" என்றாள்.

அக்டோபர் 23, வியாழன்

ஏழு மணிக்குத் திரவியம் அண்ணன் வந்தார். செம்புலிங்கம் ஓடிப்போய் டீ வாங்கி வந்தான். அக்கா உள்ளேயிருந்து வந்து சாவியை நீட்டினாள். அவர் கையில் வாங்கவில்லை. அண்டாவைக் கண்ணால் காட்டினார். அவள் அதன்மேல் வைத்தாள். எடுத்துக்கொண்டார்.

முன்மூடியைத் திறந்தார். கம்பியை உருவினார். அளவைப் பார்க்கவில்லை. முதலில் மூக்கருகே கொண்டுபோனார், இழுத்து முகர்ந்தார், பிறகுதான் அளவு. இந்தப் பூஜைக்கு முந்தைய பதினோரு வருடத்தில் அளவை மட்டும்தான் பார்த்திருப்பார்.

"ஏறுங்க தம்பி. நேரமாச்சு."

ஏறினேன். போகும் வழியில் விளக்கு எரியவில்லை. பத்தொன்பது கிலோமீட்டர். நான் அதையே பார்த்துக்கொண்டு போனேன். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

அக்டோபர் 24, வெள்ளி

கல்யாணம் முடிந்தது. கரண்டி நான்கு குறைகிறது.

காலையிலும் கம்பியை முகர்ந்து பார்த்தார் திரவியம் அண்ணன்.